ஜெயிக்கிற ஆளா, நமக்கு வேண்டிய ஆளா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



2024-ம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் நடந்தபோது, மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரத்தில் கோவிலில் பூஜை நடந்தது. கமலா ஹாரிஸ் படம் போட்ட தட்டிகளைக் கட்டினார்கள். அவருடைய தாயாரைப் பெற்ற பாட்டனார் பி. வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. அந்த நாட்களில் நடவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நம்மை வழிமறித்துக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்த ஊருல ஓட்டுப் போடுறவங்க ஜெயிக்கிற ஆளாப் பார்த்துப் போடுறாங்களா, நல்லது செய்யிற ஆளாப் பார்த்துப் போடுறாங்களா?"

நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். பதில் சரியாக அமையவில்லை. அந்தக் கேள்வி இரண்டு வார்த்தையில் தீருகிற கேள்வியும் அல்ல. அதற்காகத்தான் இன்று இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் தேர்தல் இரண்டு தடவை நடக்கிறது. நவம்பர் மாதத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால், ஒவ்வொரு கட்சியும் யாரை நிறுத்துவது என்பதற்கே மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு நடக்கும். அதற்குப் பெயர் பிரைமரி. சாதாரண ஜனங்களே போய் ஓட்டுப் போடலாம். சில மாநிலங்களில் ஓட்டுப் பெட்டிக்குப் பதிலாகக் கூட்டம் கூடி, யார் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள்.

இந்த உரிமையும் சும்மா வந்ததல்ல. 1968-ல் ஜனநாயகக் கட்சி ஹ்யூபர்ட் ஹம்ப்ரி என்பவரை நிறுத்தியது. அவர் ஒரு பிரைமரியில்கூட நின்றவரல்ல. கட்சிப் பெரியவர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து வந்த வாலிபர்களைச் சிகாகோ தெருக்களில் போலீஸ் தடி கொண்டு அடித்தது. உலகமே டெலிவிஷனில் அதைப் பார்த்தது. அந்த மானக்கேட்டுக்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் பிரைமரி ஓட்டுக்கு உண்மையான பலம் வந்தது.

பிரைமரியில் எதிர்க்கட்சிக்காரன் களத்தில் இல்லை. வீட்டுக்குள் நடக்கிற பேச்சு மாதிரி அது. நமக்கு என்ன வேண்டும் என்று மனம் விட்டுச் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஆனால் அந்த இடத்திலேயே வந்து நிற்கிறது அந்தக் கேள்வி: "நீ சொல்வது நல்லதுதான் ஐயா, ஆனால் இந்த ஆள் நவம்பரில் ஜெயிப்பானா?"

2020-ம் வருஷத்துக் கதையை எடுத்துக்கொள்வோம். டிரம்ப் ஜனாதிபதியாக இருந்தார். அவரை இறக்க ஜனநாயகக் கட்சியில் பலர் போட்டியிட்டார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். இன்னொருவர் முன்னாள் உப ஜனாதிபதி ஜோ பைடன். சண்டை முக்கியமாக வைத்தியச் செலவு பற்றியது.

அங்கே வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் முதலாளி வழியாக வருகிறது. வேலை போனால் அதுவும் போகும். வயது 65 ஆனவர்களுக்குச் சர்க்காரே பெரும்பகுதிச் செலவை ஏற்கிறது. 1965-ல் வந்த மெடிகேர் சட்டம் அது. பரம ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்று ஒரு திட்டம் உண்டு. இரண்டிலும் சேராமல், முதலாளி வழியாகவும் கிடைக்காமல், 2019-ல் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் எந்த இன்ஷூரன்சும் இல்லாமல் இருந்தார்கள். பணக்கார தேசம் என்று பெயர் எடுத்த தேசம் அது!

சாண்டர்ஸ் சொன்னது: 65 வயதுக்காரனுக்குக் கொடுப்பதை எல்லா வயதுக்கும் கொடு. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடுவில் வேண்டாம். பைடன் சொன்னது: கம்பெனிகள் இருக்கட்டும், பக்கத்தில் சர்க்கார் இன்ஷூரன்ஸ் ஒன்றையும் வைப்போம், வேண்டியவர்கள் சேர்ந்துகொள்ளட்டும்.

உடனே எழுந்தது கூக்குரல்: "பணம் எங்கே? பணம் எங்கே?"

2018-ல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உள்ள மெர்காட்டஸ் மையம் ஒரு கணக்குப் போட்டது. சர்க்கார் செலவு சுருங்கவேண்டும் என்று வாதாடுகிற ஸ்தாபனம் அது. சாண்டர்ஸ் மசோதா சட்டமானால் பத்து வருஷத்தில் சர்க்கார் செலவு 32 லட்சம் கோடி டாலருக்கு மேல் கூடும் என்றது. இந்தத் தொகையை மேடை தோறும் முழங்கினார்கள். அதே கணக்கில் இன்னொரு வரி இருந்தது. மசோதாவில் சொன்னபடி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் கட்டணம் குறைந்தால், தேசம் முழுவதும் வைத்தியத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை அதே பத்து வருஷத்தில் சுமார் 2 லட்சம் கோடி டாலர் குறையும்! கட்டணம் அவ்வளவு குறையுமா என்பதில் கணக்குப் போட்டவருக்கே சந்தேகம், அதையும் சொல்லிவிடுகிறோம்.

நாம் படித்தது பத்தாவது வரைதான். ஆனால் இது புரியாத கணக்கு அல்ல. தொழிலாளி சம்பளத்திலிருந்து மாதா மாதம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் போகிறது. அதை யாரும் "செலவு" என்று கூச்சல் போடுவதில்லை. அதே பணம் வரியாகச் சர்க்கார் பெட்டிக்குப் போய் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தால், "ஐயோ, சர்க்கார் செலவு ஏறிவிட்டதே!" என்கிறார்கள். பை மாறுகிறது, பணம் ஒன்றுதான். நடுவில் லாபம் எடுத்தவனுக்குத்தான் பை மாறுவது வலிக்கும்.

ஜனங்களுக்கு இது புரியாமலும் இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களை நிறுத்திக் கேட்ட கணக்கு இருக்கிறது. தனியார் இன்ஷூரன்சை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே சர்க்கார் திட்டம் வேண்டுமா என்று கேட்டதற்கு, பல மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் "வேண்டும்" என்றார்கள். அந்த மாநிலங்களில் பலவற்றில் ஜெயித்தவர் யார்? அந்தத் திட்டம் வேண்டாம் என்ற பைடன்! ஏன்? இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார்கள்: உன் கருத்தோடு ஒத்துப்போகிற ஆள் வேண்டுமா, டிரம்பைத் தோற்கடிக்கக்கூடிய ஆள் வேண்டுமா? பெரும்பாலோர், தோற்கடிக்கிற ஆள் வேண்டும் என்றார்கள்.

அதாவது, தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே, அது வேண்டாம் என்கிறவருக்கு ஓட்டுப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் யாருக்குப் போடுவான் என்று யூகித்துத் தன் ஓட்டைப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் இவனைப் பார்த்து அதே யூகத்தைத்தான் செய்துகொண்டிருந்தான்.

இங்கே லாஸ் வேகாஸ் தொழிலாளர்கள் கதையைச் சொல்ல வேண்டும். நெவாடா மாநிலத்தில் சூதாட்ட மாளிகைகளும் பெரிய ஹோட்டல்களும் நிறைந்த ஊர் அது. அங்கே அறை பெருக்கி மெத்தை விரிக்கும் பெண்கள், சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லோருக்குமாக ஒரு சங்கம் உண்டு. சமையல் தொழிலாளர் சங்கம் என்று பெயர். சுமார் 60,000 உறுப்பினர்கள். சங்கத்தின் வைத்தியத் திட்டம் நல்ல திட்டம். அது தானமாக வந்ததல்ல. ஃபிரான்டியர் என்ற ஹோட்டலில் 1991 செப்டம்பரில் சுமார் 550 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1998 தொடக்கம் வரை, ஆறு வருஷத்துக்கு மேல், நின்றார்கள். ஒருவர்கூட உடைந்து உள்ளே போகவில்லை. ஆறு வருஷம்! ஒரு வாரம் கதவடைப்பு என்றாலே வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட சங்கத்தின் தலைமை 2020 பிப்ரவரியில் துண்டுப் பிரசுரம் போட்டது: சாண்டர்ஸ் வந்தால் நம் வைத்தியத் திட்டம் முடிந்துவிடும் என்று. யாருக்கும் ஆதரவு என்று சொல்லவில்லை. இந்த எச்சரிக்கை மட்டும் செய்தது. தலைமையைத் திட்டுவது சுலபம். நாம் திட்ட மாட்டோம். கூலி உயர்வை விட்டுக்கொடுத்து வைத்தியத்தை வாங்கிய சங்கம், கையில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கும். அது நியாயமான பயம்.

பிப்ரவரி 22-ந் தேதி ஹோட்டல்களுக்குள்ளேயே ஓட்டுக் கூட்டம் நடந்தது. வேலை உடுப்போடு வந்து நின்றார்கள். அந்த ஹோட்டல் வரிசையில் நடந்த கூட்டங்களில் பெரும்பாலானவற்றில் சாண்டர்ஸ்தான் ஜெயித்தார். சங்கத்தில் இருக்கிற தனக்கு அட்டை இருக்கிறது. சங்கம் இல்லாத இடத்தில் வேலை செய்கிற தங்கைக்கு? வேலை போன நாளில் தனக்கே? இதையெல்லாம் யோசிக்க மெத்தை விரிக்கிற பெண்ணுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நெவாடாவில் சாண்டர்ஸ் பெரிய வித்தியாசத்தில் முன்னால் வந்தார். அதன் பிறகு பத்தே நாள். பிப்ரவரி 29-ல் தென் கரோலினாவில் பைடன் ஜெயித்தார். போட்டியிலிருந்த பீட் பூட்டிஜஜ் மார்ச் 1-ந் தேதியும், ஏமி குளோபுச்சார் மார்ச் 2-ந் தேதியும் விலகி, பைடன் பக்கம் நின்றார்கள். மார்ச் 3-ந் தேதி 14 மாநிலங்களில் ஓட்டு. பத்து மாநிலம் பைடனுக்கு. அவர் சரியாகப் பிரசாரம் செய்யாத மாநிலங்கள்கூட அவருக்கு விழுந்தன. ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸ் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டார். (இடையில் மைக்கேல் புளூம்பெர்க் என்ற கோடீஸ்வரரும் நின்றார். 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். கிடைத்த வெற்றி, அமெரிக்க சமோவா என்ற குட்டித் தீவுப் பிரதேசம் மட்டும். பணத்தால் எல்லாம் முடியும் என்பவர்கள் இதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.)

"பணம் எங்கே?" என்ற கேள்வி என்ன ஆயிற்று? தொற்றுநோய் வந்தது. 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட வேலைகள் போயின. வேலையோடு சேர்த்துப் பலருக்கு இன்ஷூரன்சும் போயிற்று. அதற்கு முன்னமே, மார்ச் 27-ந் தேதி, சுமார் 2.2 லட்சம் கோடி டாலர் செலவுக்கு டிரம்ப் கையெழுத்துப் போட்டார். செனட்டில் ஆதரவு 96, எதிர்ப்பு பூஜ்யம். சாண்டர்சும் ஆதரித்தார். ஜனங்களுக்கும் அதில் கிடைத்தது. வளர்ந்தவர் தலைக்கு 1,200 டாலர் வரை, வேலையிழந்தவர்களுக்கு வாரம் 600 டாலர் கூடுதல். பெரிய கம்பெனிகளுக்குக் கடனாகவும் உதவியாகவும் பல்லாயிரம் கோடி. 2008-ல் பாங்குகள் கவிழ்ந்தபோதும் இப்படித்தான் 70,000 கோடி டாலருக்குச் சில வாரத்தில் வழி பிறந்தது. ஆக, பணம் எங்கே என்பது பெட்டியைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அல்ல. யார் கேட்கிறார் என்று ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி.

சரி, "ஜெயிக்க மாட்டான்" என்ற தீர்ப்பை எழுதுவது யார்? 1972-ல் ஜார்ஜ் மெக்கவர்ன் யுத்தம் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் சர்க்கார் 1,000 டாலர் தரவேண்டும் என்றார். அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் பெரிய சம்மேளனத் தலைமையே அவரை ஆதரிக்க மறுத்தது. 49 மாநிலங்களில் தோற்றார். அன்று முதல் யாராவது ஏழைக்காகச் செலவு என்று பேசினால், "மெக்கவர்ன் கதி ஞாபகம் இருக்கிறதா?" என்று மிரட்டுவார்கள். நல்லது. 1984-ல் வால்டர் மாண்டேல் நின்றார். கட்சிப் பெரியவர்களின் செல்லப்பிள்ளை அவர். அவரும் 49 மாநிலங்களில் தோற்றார்! "மாண்டேல் கதி" என்று யாராவது மிரட்டியதுண்டா? 2004-ல் ஜான் கெர்ரி ஜெயிக்கிற ஆள் என்று நிறுத்தப்பட்டார்; தோற்றார். 2016-ல் ஹிலாரி கிளிண்டன் ஜெயிக்கிற ஆள், டிரம்ப் ஜெயிக்கவே முடியாத ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. கிளிண்டனுக்கு 28 லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம் விழுந்தது. ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா என்ற மூன்று தொழிலாளர் மாநிலங்களில் எல்லாம் சேர்த்து சுமார் 78,000 ஓட்டில் ஆட்சி போயிற்று. ஜோசியம் பலிக்காவிட்டால் கிளி ஜோசியக்காரனைக்கூட நாம் அடுத்த வாரம் நம்ப மாட்டோம். இவர்களை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நம்பச் சொல்கிறார்கள்.

ஆனால் தோழர்களே, இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் நாம் நேர்மையாகப் பேசியவர்கள் ஆக மாட்டோம். தென் கரோலினாவில் பைடனுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். 1965 வரை அந்த மாநிலத்தில் ஓட்டுரிமைக்கே போராடியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். தோல்வி என்றால் என்ன என்று அவர்களுக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. "எங்களால் இன்னொரு நாலு வருஷம் தாங்க முடியாது" என்று ஒரு மனிதன் நினைத்தால், அவனைப் பார்த்துக் கொள்கை தெரியாதவன் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அந்த நவம்பரில் பைடன் ஜெயிக்கவும் செய்தார். சாண்டர்ஸ் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவராலும் நிரூபிக்க முடியாது.

கொள்கை என்றதும் அது நம் கொள்கையாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2012-ல் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ரான் பால் நின்றார். வெளிநாட்டு யுத்தங்கள் வேண்டாம் என்றார்; சரிதான். முதல் வருஷமே 1 லட்சம் கோடி டாலர் சர்க்கார் செலவை வெட்டுவேன், கல்வி இலாகா உட்பட ஐந்து இலாகாக்களை மூடுவேன் என்றும் சொன்னார். வார்த்தை மாறாத மனிதர். அவர் கொள்கையில் நின்றார் என்பதற்காக ஏழைப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மூடச் சம்மதிப்போமா? அந்தக் கட்சி அவரை விட்டு, ஜெயிக்கிற ஆள் என்று மிட் ராம்னியை நிறுத்தி, அதிலும் தோற்றது.

சொல்லப்போனால் பிரைமரியை எப்படிப் பயன்படுத்துவது என்று வலதுசாரிகள்தான் முன்னால் புரிந்துகொண்டார்கள். 1964-ல் பாரி கோல்டுவாட்டர் என்பவரை நிறுத்தினார்கள். சர்க்கார் செலவு கூடாது, ஏழைகளுக்கான திட்டங்கள் கூடாது என்பவர். ஆறு மாநிலம் மட்டும் கிடைத்தது. படுதோல்வி. அடுத்த வருஷமே மெடிகேர் சட்டம் வந்தது. ஆனால் அவர்கள் கூட்டம் கலையவில்லை. அன்று கோல்டுவாட்டருக்காகப் பேசிய ரொனால்ட் ரீகன் 1980-ல் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். பணக்காரர்களின் வருமான வரி உச்ச விகிதம் 70 சதவிகிதமாக இருந்தது. அவர் காலத்தில் 28 ஆகக் குறைந்தது. ராணுவச் செலவு ஏறியது. தேசத்தின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆயிற்று! செலவைக் குறைக்கிறேன் என்று வந்தவர் அவர்.

2020-ல் தோற்ற ஓட்டுகள் என்ன ஆயின? முழுவதும் வீண் போகவில்லை. பைடன் ஜெயித்த பிறகு சாண்டர்ஸ் செனட் பட்ஜெட் கமிட்டித் தலைவரானார். 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் சட்டம் வந்தது. குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு அந்த வருஷம் ஜூலை முதல் டிசம்பர் வரை மாதா மாதம் பணம் வந்தது. குழந்தைக்கு 250 டாலர், சின்னக் குழந்தைக்கு 300. சர்க்கார் உதவிகளையும் சேர்த்துப் போடும் கணக்குப்படி, வறுமையில் இருந்த குழந்தைகள் 2021-ல் நூற்றுக்கு 5.2. பிறகு, பைடன் கட்சியைச் சேர்ந்த ஜோ மான்சின் என்ற செனட்டரே முட்டுக்கட்டை போட, பணம் நின்றது. 2022-ல் நூற்றுக்கு 12.4! ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். ஆறு மாதம் பால் வாங்கிய வீட்டில் ஏழாவது மாதம் பால் இல்லை. சர்க்கார் செலவு என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு நமக்குக் கிடைக்கவில்லை.

இப்போது துளசேந்திரபுரத்துக்கு வருவோம். 2017-ல் சாண்டர்ஸ் தம் வைத்திய மசோதாவைக் கொண்டுவந்தபோது சேர்ந்து கையெழுத்திட்ட செனட்டர்களில் கமலா ஹாரிசும் ஒருவர். 2019 ஜனவரியில் தனியார் இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று பேசினார். அதே வருஷம் ஜூலையில் தனியார் கம்பெனிகளுக்கும் இடம் வைத்து வேறொரு திட்டம் சொன்னார். டிசம்பரில், ஒரு மாநிலத்திலும் ஓட்டு விழுவதற்கு முன்னாலேயே, பிரைமரியிலிருந்து விலகினார். 2024-ல் பைடன் ஜூலை 21-ந் தேதி ஒதுங்கிக்கொண்டதால், பிரைமரி ஓட்டு ஒன்றும் வாங்காமலேயே அபேட்சகரானார். அப்போது பழைய திட்டம் தமக்கு இல்லை என்று அவர் தரப்பில் சொல்லிவிட்டார்கள். ஜெயிப்பதற்காக விட்டார். ஜெயிக்கவும் இல்லை, 312-க்கு 226 என்று டிரம்ப் ஜெயித்தார். 2025 ஜூலை 4-ந் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் ஏழைகளின் மெடிகெய்ட் செலவை வெட்டியது. அந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் 1 கோடிப் பேர் கூடுதலாக இன்ஷூரன்ஸ் இல்லாமல் போவார்கள் என்று அமெரிக்கக் காங்கிரசின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொன்னது. 2016-ல் மெடிகெய்டைத் தொடமாட்டேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர் அவர்!

ஆகவே அந்த மூதாட்டிக்கு நாம் சொல்ல நினைப்பது இது. நவம்பர் ஓட்டில் யார் வந்தால் நமக்கு அடி குறைவு என்று பார்க்கத்தான் வேண்டும். அது கோழைத்தனம் அல்ல. பிரைமரி ஓட்டில் அந்தக் கணக்கைக் கொண்டுபோனால், நமக்கு என்ன வேண்டும் என்பதை எந்த இடத்திலும் சொல்லாமலே வீடு திரும்புவோம். பிறகு ஆட்சிக்கு வருகிறவனுக்கு நம் பசி எப்படித் தெரியும்?

இரண்டையும் ஒரே சீட்டில் சொல்ல வழி இருக்கிறது. 2025 ஜூனில் நியூயார்க் நகர மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் அப்படித்தான் நடந்தது. ஜனாதிபதி தேர்தல் அல்ல, ஆனாலும் கேளுங்கள். சீட்டில் ஐந்து பேர் வரை 1, 2, 3 என்று வரிசை போடலாம். முதல் எண்ணை மனதுக்குப் பிடித்தவருக்குப் போடு. அவர் எண்ணிக்கையில் கழிந்துபோனால் உன் ஓட்டு இரண்டாவது எண்ணுக்குப் போகும். வீணாகிவிடுமோ என்ற பயம் பெருமளவு போயிற்று. முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ கூமோவுக்காகப் பணக்காரர்கள் 2 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். அவர்தான் ஜெயிக்கிற ஆள் என்றார்கள். வீட்டு வாடகை ஏறக்கூடாது, பஸ் இலவசம், குழந்தைக் காப்பகம் இலவசம் என்று நின்ற ஜோஹ்ரான் மம்தானி முதல் எண்ணிலேயே நூற்றுக்கு 43-க்கு மேல் வாங்கி, கடைசி எண்ணிக்கையில் 56 வாங்கினார். நவம்பரிலும் ஜெயித்தார். ஜனாதிபதி பிரைமரிக்கு இந்த வரிசைச் சீட்டை மெயின் போன்ற சில மாநிலங்களில்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் இன்னும் ஒரே முத்திரைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள், தோழர்களே. மன்னார்குடிப் பக்கம் போகிற தோழர்களுக்குக் கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு.